செமஸ்டர் மார்க் ஏறியது, ஃபீட்பேக் இறங்கியது: என் பிஎச்.டி. தேறுமா?

கேட்டவர்: சாக்பீஸ்_மேடம்

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன், எட்டு வருஷ சர்வீஸ். பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்து இரண்டரை வருஷம் ஆகிறது. மேற்பார்வையாளர் கல்வியியல் துறைக்காரர், இணை மேற்பார்வையாளர் எங்கள் துறை. இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியதை இன்னும் நான் பார்க்கவில்லை, அது தனிக் கதை.

மூன்றாம் செமஸ்டர் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸை ஃபிளிப்டு கிளாஸ்ரூம் முறையில் நடத்தினால் மாணவர்கள் கூடுதலாகக் கற்றுக்கொள்கிறார்களா என்பதுதான் ஆய்வு. ஏ செக்‌ஷனுக்கு நான். பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டில் உட்கார்ந்து 12, 15 நிமிட வீடியோ எடுத்து முந்தின நாளே அனுப்பிவிடுவேன், வகுப்பில் நாலு நாலு பேராக உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள், நான் சுற்றி வருவேன். பி செக்‌ஷனுக்கு இன்னொரு சார், வழக்கம்போல போர்டும் சாக்பீஸும். இரண்டிலும் ஏறக்குறைய 60 பேர். முன்தேர்வு, பின்தேர்வு இரண்டுக்கும் நானே தயாரித்த 25 கேள்விகள். கூடவே ஒரு லேர்னிங் ஸ்டைல் (யார் எந்த வழியில் கற்கிறார் என்று கேட்கும்) கேள்வித்தாளும் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன், அதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கலாம் என்று கைடு சொன்னார்.

பின்தேர்வில் ஏ செக்‌ஷன் மேல். செமஸ்டர் பரீட்சையிலும் தேர்ச்சி கொஞ்சம் கூடுதல். சந்தோஷமாகத்தான் இருந்தேன், மாணவர் ஃபீட்பேக் வருகிற வரைக்கும். துறையிலேயே எனக்குத்தான் கடைசி இடம். "மேடம் பாடமே நடத்துவதில்லை, எங்களையே போடச் சொல்கிறார்" என்று பல பேர் எழுதியிருக்கிறார்கள். "யூடியூப் பார்க்க எதற்கு ஃபீஸ்" என்று ஒருவர். ஹெச்.ஓ.டி. கூப்பிட்டு, அப்ரைசல் வரப் போகிறது, அடுத்த பேட்சில் இந்த விளையாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கைடு டி-டெஸ்ட் (இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிடும் கணக்கு) போட்டு நாலாம் அத்தியாயத்தை முடி என்கிறார். ஃபீட்பேக்கை ஆய்வேட்டில் சேர்க்கவே வேண்டாமாம், வைவாவில் வம்பாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த ஆய்வு நிற்குமா, ஃபீட்பேக்கை என்ன செய்வது, இன்னொரு பேட்ச் எடுத்தே ஆக வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: புள்ளிக்கணக்கு

மேடம், முதலில் ஒரே ஒரு கேள்வி. ஏ, பி எப்படிப் பிரித்தார்கள்? ஏன் கேட்கிறேன் என்றால் மூன்றாம் செமஸ்டரில்தான் டிப்ளமோ முடித்த லேட்டரல் என்ட்ரி பையன்கள் உள்ளே வருகிறார்கள், நான் பார்த்த கல்லூரிகளில் அவர்களை மொத்தமாகக் கடைசி செக்‌ஷனில் போட்டுவிடுவார்கள், ரோல் நம்பர் வசதிக்காக. டிப்ளமோ பையனுக்கு உராய்வு, கப்பி எல்லாம் கையால் தொட்ட அனுபவம் இருக்கும், வெக்டரும் தொகையீடும் வந்தால் திணறுவான். பிளஸ் டூ முடித்து வந்தவன் நேர் எதிர். அப்படியானால் உங்கள் இரண்டு செக்‌ஷனும் முதல் நாளிலேயே வேறு வேறு கூட்டம்.

அதோடு ஆசிரியர் வேறு. உங்களுக்கு முதல் பீரியட், அந்த சாருக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட் என்று இருந்தால் அதுவும் சேரும். இத்தனையும் கலந்து கிடக்கும்போது வித்தியாசம் ஃபிளிப்டு முறையால்தான் வந்தது என்று எந்த டி-டெஸ்ட்டும் சொல்லாது. 120 பேரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாமல் கற்றார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. நாலு நாலு பேராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துப் போட்ட கணக்குக்கு அது எப்படிப் பொருந்தும்? கறாராகப் பார்த்தால் உங்களிடம் இருப்பது 120 பேர் இல்லை, இரண்டு வகுப்பு.

முன்தேர்வு மார்க்கைக் கோவேரியட்டாக வைத்து அன்கோவா போடலாம் (ஆரம்ப வித்தியாசத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடும் கணக்கு), எஃபெக்ட் சைஸ், அதாவது வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று கொடுக்கலாம், சும்மா 0.05 என்ற புள்ளியியல் எல்லையைப் பிடித்துத் தொங்காமல் இருக்கலாம். அதெல்லாம் ஒட்டுப்போடுவதுதான். உண்மையான மருந்து அடுத்த பேட்சில் இரண்டு செக்‌ஷனையும் நீங்களே எடுப்பது, எடுத்து யூனிட் மாற்றி மாற்றி நடத்துவது. விறைப்பொருள் (வளையாத பொருள்) சமநிலை யூனிட்டில் ஏ-வுக்கு ஃபிளிப்டு, பி-க்கு சாதாரணம். உராய்வு வரும்போது தலைகீழ். ஒவ்வொரு செக்‌ஷனும் தனக்குத் தானே ஒப்பீடு ஆகிவிடும், ஒரு செக்‌ஷனுக்கு நல்லதைக் கொடுத்து இன்னொன்றுக்கு மறுத்தோம் என்ற உறுத்தலும் இருக்காது. உள்மதிப்பெண் உங்கள் கையில் இருக்கும்போது மாணவரிடம் வாங்கும் சம்மதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் யோசித்து எழுதுங்கள், வெளித்தேர்வாளர் அதைக் கேட்பார்.

பின்தேர்வுக் கேள்விகளையும் நீங்களே தயாரித்து, ஏ செக்‌ஷனுக்கும் நீங்களே நடத்தியிருக்கிறீர்கள். தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கேள்விகளை நோக்கியே பாடம் போயிருக்கும். வேண்டுமென்று செய்தீர்கள் என்று சொல்லவில்லை, நானும் செய்திருக்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற_கைடு

தலைப்பைப் பார்த்ததும் பெருமூச்சு வந்தது, மன்னிக்கவும். சோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) போய்த் தேடிப் பாருங்கள், "இன்ன முறையின் விளைதிறன்" என்று எத்தனை ஆய்வேடு என்று. கம்ப்யூட்டர் வழிக் கற்பித்தலின் விளைதிறன், கருத்து வரைபடத்தின் விளைதிறன், கூட்டுக் கற்றலின் விளைதிறன். புரட்டிய வரைக்கும் சோதனைக் குழுதான் ஜெயித்திருக்கும். தோற்ற சோதனைக் குழுவை நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியே சரியாக விழவில்லை என்பது என் எண்ணம். ஃபிளிப்டு என்பதில் இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று வீட்டில் பார்க்கிற வீடியோ. இன்னொன்று அதனால் மிச்சமான வகுப்பு நேரத்தில் மாணவர் செய்கிற வேலை. கற்றலைக் கூட்டுவது இதில் எது? ஜென்சனும் கூட்டாளிகளும் 2015-இல் ஒரு கல்லூரி உயிரியல் பாடத்தில் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு வகுப்பிலும் மாணவர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்தார்கள், ஒன்றில் மட்டும் ஃபிளிப்டு. வித்தியாசம் இல்லை. வீடியோ வெறும் வண்டி என்று ஆகிவிட்டது. 1983-லேயே ரிச்சர்ட் கிளார்க் இதைத்தான் சொன்னார்: மளிகை கொண்டுவருகிற லாரியை மாற்றினால் சாப்பாட்டின் சத்து மாறாது.

சுறுசுறுப்பான வகுப்பு நல்லதா என்பது அநேகமாக முடிந்துபோன வழக்கு. 1998-இல் ஹேக் 62 இயற்பியல் வகுப்புகள், 6,542 மாணவர்கள் என்று திரட்டினார். ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி என்ற கருத்துத் தேர்வில் முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு ஏறினார்கள் என்று பார்த்தார். ஏறிய மார்க்கை, ஏற இடமிருந்த மார்க்கால் வகுக்க வேண்டும். 100-க்கு 30-இல் இருந்து 65-க்குப் போனவன் 70-இல் 35 ஏறியிருக்கிறான், அதாவது 0.5. விரிவுரை வகுப்புகளுக்குச் சராசரி 0.23, மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகளுக்கு 0.48. ஃப்ரீமனும் மற்றவர்களும் 2014-இல் 225 ஆய்வுகளைத் தொகுத்தபோது விரிவுரை வகுப்பில் தோற்க 1.5 மடங்கு வாய்ப்பு என்று வந்தது. இதையே கோவையிலும் மறுபடி நிரூபிக்க உங்களுக்கு ஆறு வருஷம் வேண்டாம்.

உங்கள் வகுப்பில் மட்டும் கிடைக்கக்கூடியது எது? அறுபது பேர் வரைந்த ஃப்ரீ பாடி டயகிராம், அதாவது ஒரு பொருளைத் தனியாகப் பிரித்து அதன் மேல் செயல்படும் விசைகளை மட்டும் காட்டுகிற படம். கணக்குத் தாள்களை வைத்திருக்கிறீர்களா, தூக்கிப் போட்டுவிட்டீர்களா? வைத்திருந்தால் அதுதான் புதையல். யார் உராய்வு விசையை விட்டுவிட்டான், யார் எதிர்வினையைத் தலைகீழாகப் போட்டான், யார் கயிற்றின் இழுவிசையைத் தள்ளுகிற விசையாக வரைந்தான், யார் பொருளின் மேல் செயல்படும் விசையோடு பொருள் கொடுக்கிற விசையையும் சேர்த்துப் போட்டான் என்று வகைபிரியுங்கள். இன்னொரு ஆசிரியரும் தனியாக வகைபிரிக்கட்டும், இரண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்பதற்கு கோஹன் காப்பா போடுங்கள். எட்டுப் பத்து மாணவர்களை உட்காரவைத்து, வரையும்போதே மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். குழுவாகப் போடும்போது எந்தப் பிழை கரைகிறது, எது என்ன செய்தாலும் கரையமாட்டேன் என்கிறது? இதைச் சொன்னால் நானே உட்கார்ந்து படிப்பேன்.

தயார் தேர்வு வேண்டுமென்றால், ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி நியூட்டன் விதிகளைப் பற்றியது, உங்கள் பாடத்தில் டைனமிக்ஸ் யூனிட்டைத்தான் தொடும். மற்ற யூனிட்டுக்கு ஸ்டீஃப் உருவாக்கிய ஸ்டாடிக்ஸ் கான்செப்ட் இன்வென்டரி பொருத்தம், 27 கேள்வி. அனுமதி கேட்டு வாங்குங்கள்.

லேர்னிங் ஸ்டைல் அத்தியாயத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பார்த்துக் கற்பவன், கேட்டுக் கற்பவன் என்று பிரித்து அதற்கேற்ப நடத்தினால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பாஷ்லரும் மூவரும் 2008-லேயே எழுதிவிட்டார்கள். நம் எம்.எட். பாடத்தில் அது இன்னும் உயிரோடு இருப்பது வேறு விஷயம். கைடு கோபித்துக்கொள்வார், பரவாயில்லை, பின்னிணைப்பில் தள்ளுங்கள்.

பதில்: பஸ்பாஸ்_பையன்

நான் ஆராய்ச்சி எல்லாம் இல்லை, மேடம் மாதிரி ஒருத்தர் நடத்திய ஃபிளிப்டு வகுப்பில் உட்கார்ந்து பாஸ் ஆனவன். வேறு கல்லூரி, வேறு பாடம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி, பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம்.

மேடம், வீடியோவை அன்றே எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்தீர்களா? நான் ஊருக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே பார்ப்பேன், பாதி வழியில் சிக்னல் போய்விடும். பார்க்காமல் போனால் வகுப்பில் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நிற்க வேண்டியதுதான். இங்கிலீஷ் வீடியோ ஒரு வசதி, நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம், வகுப்பில் ஆசிரியரை நிறுத்த முடியாது. ஆனால் எனக்கு உண்மையாக மண்டையில் ஏறியது பக்கத்தில் உட்கார்ந்த பாலிடெக்னிக் பையன் தமிழில் திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தபோதுதான். மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்று ரெண்டு மாசம் எழுதிக்கொண்டிருந்தேன், அது பிளஸ் ஒன்னில் படித்த நிலைமத் திருப்புத்திறனுக்குச் சொந்தக்காரன் என்று அவன்தான் சொன்னான். (அங்கே நிறைக்கு, இங்கே பரப்புக்கு என்று பிறகு புரிந்தது, அதையும் யாரும் வகுப்பில் சொல்லவில்லை.)

ஃபீட்பேக் பற்றி உண்மையைச் சொல்கிறேன். நானும் அந்த மேடத்துக்குக் குறைவாகத்தான் போட்டேன். கெட்ட எண்ணம் இல்லை. போர்டில் சார் கடகடவென்று கணக்குப் போடும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், நோட்டும் நிறைந்துவிடும். இந்த வகுப்பில் தினமும் எனக்கு எது தெரியாது என்பதுதான் தெரிந்தது. தினமும் தோற்றுவிட்டு வெளியே வருகிறவன் ஐந்துக்கு ஐந்து போடுவானா? இப்போது வேலையில் டிராயிங் பார்க்கும்போது அந்த வகுப்புதான் ஞாபகம் வருகிறது, அதற்கு ஃபீட்பேக் ஃபார்ம் யாரும் அனுப்பவில்லை.

பதில்: பயிற்சிக்கூடம்

தம்பி மேலே சொன்னதை ஆளை வைத்தே அளந்திருக்கிறார்கள். ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் டெலோரியேவும் கூட்டாளிகளும் 2019-இல் வெளியிட்டது. மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு குழுவுக்கு நல்ல விரிவுரை, இன்னொன்றுக்கு அதே பொருளில் செயல்வழி வகுப்பு, அடுத்த தலைப்பில் குழுக்களை மாற்றிவிட்டார்கள் (புள்ளிக்கணக்கு சொன்ன அதே உத்தி). தலைப்புகளில் ஒன்று நிலைச் சமநிலை, மேடத்தின் பாடமேதான். செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். ஆகவே உங்கள் ஃபீட்பேக் அவமானம் இல்லை மேடம், அதுதான் உங்கள் தரவிலேயே சுவையான பகுதி. கைடு ஒளிக்கச் சொல்வதை நடுவில் வையுங்கள். பின்தேர்வுக்கு முன்னாடி "இந்த யூனிட் எவ்வளவு புரிந்தது" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு மார்க்கோடு ஒப்பிட்டாலே போதும். முதல் வாரத்திலேயே இந்த விஷயத்தை மாணவரிடம் சொல்லி, ஒரு சின்னத் தேர்வு வைத்துக் காட்டினால் முணுமுணுப்பு குறையும், அதையும் அந்த ஆய்விலேயே யோசனையாகச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் புலம்பல். பள்ளிக்கூடத்தில் நடத்தப் போகிற பி.எட். மாணவர் 2014 விதிமுறைப்படி இரண்டு வருஷத்தில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும், பின்பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெழுதுவார். கல்லூரிக்கு வருகிறவர் எம்.இ. முடித்த கையோடு, ஒரு நாள்கூட யாரும் பார்க்காமல், அறுபது பேர் முன்னால் நிற்கிறார். யுஜிசி 2022 பிஎச்.டி. விதிமுறையில் எல்லாத் துறை ஆய்வாளர்களும் கற்பித்தல் பயிற்சி பெற வேண்டும், வாரம் 4 முதல் 6 மணி நேரம் வகுப்பு அல்லது ஆய்வக உதவி கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல வரி. நான் பயிற்சி கொடுக்கிற ஆள், எஃப்.டி.பி. (ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம்) நடத்தியே நரைத்துவிட்டேன். ஐந்து நாள், ப்ளூம் முக்கோணம் (கற்றல் நிலைகளின் படம்), குழு போட்டோ, சான்றிதழ். அதில் உட்கார்ந்தவர் திரும்பிப் போய் என்ன மாற்றினார் என்று பார்க்க எங்களை யாரும் அனுப்புவதில்லை. செயல்வழிக் கற்றலின் சிறப்பு பற்றி மூன்று மணி நேரம் விரிவுரை ஆற்றிய பாவமும் எனக்கு உண்டு.

அதனால் ஹெச்.ஓ.டி.யிடம் ஃபிளிப்டு என்ற வார்த்தையையே சொல்லாதீர்கள். என்.பி.ஏ. (தொழில்நுட்பப் படிப்புகளுக்கான தர அங்கீகார வாரியம்) ஃபைலுக்குக் கோர்ஸ் அவுட்கம் அட்டெயின்மென்ட், அதாவது மாணவர் பாடத்தின் இலக்கை எட்டினார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும் அல்லவா, அதற்காக இரண்டு யூனிட்டில் மட்டும் குழுக் கணக்கு வைக்கிறேன் என்று சொல்லுங்கள். பொய் இல்லை.

பதில்: சாக்பீஸ்_மேடம்

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி இரண்டு தடவை படித்தேன், இரண்டாவது தடவைதான் கோபம் போனது.

காலையில் முதல் வேலையாக நாமினல் ரோலை (மாணவர் பெயர்ப் பட்டியலை) பார்த்தேன். புள்ளிக்கணக்கு சார் சொன்னது சரி, லேட்டரல் என்ட்ரி அத்தனை பேரும் பி செக்‌ஷன். ஒரு வருஷமாக அந்தப் பட்டியல் என் மேஜையில்தான் கிடக்கிறது. பி செக்‌ஷன் பீரியடும் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு இல்லை தம்பி, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், நீல டிக் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன். வரும் பேட்சில் வீடியோ எடுக்கப் போவதில்லை, ஒரு பக்கத் தாள் தமிழும் இங்கிலீஷுமாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பாலிடெக்னிக் பையன் ஒருவன், பிளஸ் டூ பையன் ஒருவன் என்று கலந்து குழு போடவும் யோசனை.

குழுக் கணக்குத் தாள்கள் பீரோவில் இருக்கின்றன, ஏ செக்‌ஷனுடையது மட்டும். பி செக்‌ஷனுக்கு இன்டர்னல் விடைத்தாள்தான், அதையும் எப்போது கிழித்துப் போடுவார்களோ. ஒரு சந்தேகம், ஓய்வுபெற்ற கைடு சார். குழுவாக வரைந்த படத்தில் பிழை யாருடையது என்று எப்படிப் பிரிப்பது? நாலு பேரில் ஒருவன் வரைய மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்த தாள்கள் நிறைய.

பதில்: ஓய்வுபெற்ற_கைடு

பிரிக்க முடியாது, பிரிக்காதீர்கள். அந்தத் தாள்களைக் குழுவின் பிழையாகவே எண்ணுங்கள், தனி ஆள் கணக்குக்கு இழுக்காதீர்கள். அடுத்த பேட்சில் முதல் ஐந்து நிமிடம் ஒவ்வொருவரும் தனியாக வரையட்டும், பிறகு குழுவாகப் பேசி வேறு நிற மையில் திருத்தட்டும். ஒரே தாளில் முன்னும் பின்னும் கிடைத்துவிடும். பச்சை மை மட்டும் வேண்டாம், கெஜட்டட் ஆபீசர் ஞாபகம் வந்து பையன்கள் சிரிப்பார்கள்.

பி செக்‌ஷன் விடைத்தாளை இன்றைக்கே போய் வாங்கி ஜெராக்ஸ் போடுங்கள், பெயரையும் பதிவெண்ணையும் மறைத்து.